எங்கே இருக்கு, காட்டு

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை வந்து பேசினார். "அக்கா, அம்பேத்கர் வாசிச்சிருக்கேன், பெரியார் வாசிச்சிருக்கேன். எவ்வளவு பெரிய கட்டுரையா இருந்தாலும் உட்கார்ந்து வாசிச்சிருவேன். கவிதைன்னா மட்டும் பயமா இருக்கு. எனக்குப் புரிஞ்சது சரிதானான்னு யார்கிட்டயாவது கேட்கணும்போல இருக்கு" என்றார். பேசுவதற்காக எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொன்னால் போதும் என்று தோன்றியது.

அவர் கேட்டதைக் கவனியுங்கள். புரியவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. புரிந்திருக்கிறது. ஆனால் புரிந்தது சரிதான் என்று இன்னொருவர் முத்திரை குத்த வேண்டியிருக்கிறது. யார் அந்த இன்னொருவர்? அவருக்கு அந்த முத்திரையை யார் கொடுத்தார்கள்? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடத்தில் செய்யுள் பகுதி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் பாட்டு. அடுத்து ஆசிரியர் குறிப்பு. அடுத்து சொற்பொருள். அதற்கும் அடுத்து பாடலின் பொருள், யாரோ ஒருவர் உரைநடையில் எழுதிவைத்தது. தேர்வில் "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்று வரும். நோட்ஸில் இருப்பதை எழுதினால் முழு மதிப்பெண். நாமாக ஒன்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி. இத்தனை வருடம் இப்படிப் பழகியவர்களுக்குப் பொருள் என்பது பாட்டுக்கு வெளியே, வேறு யாருடைய பொறுப்பிலோ பூட்டிவைக்கப்பட்ட சரக்கு என்றுதான் தோன்றும்.

அந்தப் பூட்டு எல்லாரையும் ஒரே மாதிரி வெளியே நிறுத்தவில்லை. வீட்டில் புத்தக அலமாரி இருந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். "எங்க தாத்தா சொல்வார்" என்று ஆரம்பிப்பார்கள். தப்பாகச் சொன்னாலும் தைரியமாகச் சொல்வார்கள். நாங்கள் சரியாகத் தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டோம். தைரியம் ஒருவருடைய தனிக் குணம் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அதுவும் நிலப் பத்திரம் மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதுதான்.

முதுகலை படிக்கும்போது ஒருநாள் நவீன கவிதை ஒன்றை நடத்தினார்கள். நான் எழுந்து, "இந்த ஒரு வரி மட்டும் புரியல சார்" என்றேன். ஆசிரியர் என்னைப் பார்த்து, "உனக்கு இதெல்லாம் எதுக்கும்மா? ஆராய்ச்சிக்குப் போறதா இருந்தா தலித் கவிதை எடுத்துக்கோ. நேரடியா இருக்கும், ஈசியா இருக்கும்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அன்றைக்கு விடுதிக்கு வந்து அழுதேன். எனக்காக அழுதேன். அவர் அந்த ஒரே வாக்கியத்தில் தலித் கவிஞர்கள் எல்லாரையும் சேர்த்து அவமதித்திருந்தார் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. அவர்கள் எழுதுவது எளிது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை, பட்டதை அப்படியே கொட்டியிருக்கிறார்கள் என்பதுதானே அதன் பொருள்?

நம் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். தலித் கவிதைகள் பற்றிய ஏடுகளின் இயல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஆசிரியர் வரலாறு, சமுதாயச் சிக்கல்கள், பெண்கள் நிலை, வறுமை. கடைசியாக ஓர் ஒல்லியான இயல், இலக்கிய உத்திகள். அதில் உவமை இத்தனை, உருவகம் இத்தனை, படிமம் இத்தனை என்று கணக்கு. கவிதையை அரிசி மூட்டை மாதிரி எண்ணி இறக்கியிருப்போம். இவற்றை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. என் முதல் ஆய்வுத் திட்ட முன்வரைவும் இதே வரிசையில்தான் இருந்தது.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது. கூடவே, படைப்பைப் பிரித்துப் பார்த்துப் பேசும் அலசல் விமர்சனத்தையும் தமிழில் வலியுறுத்தியது. அது பெரிய கொடை. ஆனால் அந்தப் பாதையில் வந்தவர்களில் பலருக்கு அரசியல் என்பது கவிதைக்கு வெளியே கிடக்கும் செருப்பு. முற்போக்குத் தரப்பில் பலர் இதற்கு நேரெதிராகப் போனார்கள். கவிதை என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டார்கள். எப்படிச் சொல்கிறது என்று கேட்பதே மேட்டிமைத்தனம் என்றார்கள். 1990களில் தலித் இலக்கியம் தமிழில் ஓர் இயக்கமாக எழுந்தபோது, புது மொழியோடும் புது வடிவங்களோடும்தான் எழுந்தது. வரவேற்றவர்கள் அதிலிருந்து வலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வடிவம் அவர்களுக்கு, வலி நமக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைத்தது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கியிருக்கிறார். இலக்கியத்திலும் அந்த அடுக்கு அப்படியே இருக்கிறது.

"புரியவில்லை" என்ற சொல்லுக்கும் ஆளுக்கு ஏற்ற மாதிரி விலை இருக்கிறது. மராத்தியில் நாம்தேவ் தசாலின் 'கோல்பிதா' 1972இல் வந்தது. தலித் பேந்தர்ஸ் இயக்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். மும்பையின் பாலியல் தொழில் நடக்கும் பகுதியின் பெயர்தான் அந்தத் தொகுப்பின் தலைப்பு. தசால் வளர்ந்த பகுதியின் பேச்சு அதில் அப்படியே இருந்தது. முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் விஜய் டெண்டுல்கர். அதிலுள்ள பல சொற்களுக்குத் தனக்குப் பொருள் தெரியவில்லை என்று அந்த முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். மராத்தி இலக்கியத்தின் உச்சத்தில் இருந்தவர் புரியவில்லை என்று சொன்னால் அது நேர்மை, அது முன்னுரை. நான் சொன்னால் அது என் குறைபாடு. ஆனால் டெண்டுல்கரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று அவர் வெட்கப்படாமல் சொன்னார். அந்த வெட்கமின்மை நமக்கும் வேண்டும்.

சரி, இப்போது ஒரு பயிற்சி செய்வோம். வேறு கல்லூரியில் சில மாதங்களுக்கு முன்னால் மாணவர்களோடு இதைச் செய்தேன். கரும்பலகையில் நான்கு வரி எழுதினேன். அது எந்தக் கவிஞருடையதும் அல்ல. பயிற்சிக்காக நானே எழுதியது. ஆனால் அதை அப்போது அவர்களிடம் சொல்லவில்லை.

சின்னவருக்கு ஏழு வயது.
திண்ணையிலிருந்து
பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
அப்பாவும் போனான்.

என்ன தெரிகிறது என்று கேட்டேன். முதலில் ஒரு தம்பி எழுந்து, "சாதியக் கொடுமையைச் சொல்கிறது" என்றார். இன்னொருவர், "நிலவுடைமைச் சமூகத்தின் ஆதிக்கத்தைச் சாடுகிறது" என்றார். மூன்றாவது தோழர், "அந்த அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு போறது ரொம்ப வலிக்குது" என்றார்.

நான் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். கவிதையில் எங்கே இருக்கு, காட்டுங்க.

சாதி என்ற சொல் இல்லை. ஊர், சேரி, வயல், பண்ணை எதுவும் இல்லை. கோபமான ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் முதல் இருவர் சொன்னது தப்பில்லை என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரிகிறது. அப்படியானால் அது எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். தேடினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கண்டுபிடித்தார். ஏழு வயதுப் பையனுக்கு "கூப்பிட்டார்". வளர்ந்த ஆளுக்கு "போனான்". மொத்தக் கொடுமையும் இரண்டு விகுதிக்குள் இருக்கிறது. ஆர், ஆன். விகுதிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்றேன். பையன் கூப்பிட்டான், அப்பாவும் போனார். வாசித்ததும் வகுப்பு சிரித்துவிட்டது. ஒரு பையன் அப்பாவைக் கூப்பிடுகிற சாதாரண வீட்டுக் காட்சி ஆகிவிட்டது. சாதி காணாமல் போய்விட்டது.

அடுத்து "அப்பாவும்" என்பதில் உள்ள உம். போனான் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே, இந்த உம் எதற்கு? பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த எச்ச உம்மை நினைவிருக்கிறதா? சாத்தனும் வந்தான் என்றால் அவனுக்கு முன்பே இன்னொருவன் வந்திருக்கிறான். இறந்தது தழுவிய எச்ச உம்மை. அப்பாவும் போனான் என்றால் அவருக்கு முன்னால் யார் போனார்கள்? தாத்தாவா? அவருடைய அப்பாவா? அந்த ஓர் உம்மைக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. நன்னூலை நாம் தேர்வுக்காக மட்டும் படித்தோம். அது இப்படி உதவும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்து பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்கிறது வரி. என்ன பெயர்? கவிதை சொல்லவில்லை. ஒரு தோழர், "அந்த வீட்டுக்கு அவர் பெயர் முக்கியமில்லை, அதனால் வரவில்லை" என்றார். இன்னொருவர், "இல்லை, பெயரை இன்னொரு தடவை யாரும் கூப்பிடக் கூடாது என்று மகள் மறைத்துவைத்திருக்கிறாள்" என்றார். இரண்டுக்கும் வரியில் இடமிருக்கிறது. மகளா மகனா என்பதற்குத்தான் வரியில் ஆதாரம் இல்லை. அதை அவரே சிரித்துக்கொண்டு திருத்திக்கொண்டார்.

கடைசியாகத் தலைகுனிவுக்கு வந்தோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு போனார் என்று சொன்ன தோழர் நான்கு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். தலை எங்கேயும் குனியவில்லை. அவர் எப்படிப் போனார் என்றே கவிதையில் இல்லை. நிமிர்ந்து போயிருக்கலாம். சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்தத் தலையை யார் குனியவைத்தது? நாம்தான். நல்லெண்ணத்தோடு, கண்ணில் நீரோடு, நாமே குனியவைத்தோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தத் தோழர் நம் இயக்கத்துக்காரர்தான். நல்ல களப்பணியாளர்.

இங்கிலாந்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் 1920களில் ஒரு சோதனை செய்தார். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் கொடுத்து, தோன்றுவதை எழுதச் சொன்னார். அவர்கள் எழுதிக்கொடுத்ததை வைத்து 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலை வெளியிட்டார். நுணுகி வாசித்தல் என்று இன்று கல்லூரிகளில் சொல்லும் முறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். அந்த நூலில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த மாணவர்கள் எவ்வளவு தப்பாக வாசித்தார்கள் என்பது. பெரிய கவிஞர்களைத் தூக்கி எறிந்தார்கள். சாதாரணமானவற்றைக் கொண்டாடினார்கள். பலருக்கு வரியின் நேர்ப் பொருளே பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜ் பிள்ளைகளுக்கே அந்த நிலை என்றால், நமக்கு ஒரு வரி புரியாமல் போனதற்காக விடுதிக்குப் போய் அழ வேண்டியதில்லை.

அவர்கள் தப்பு செய்ததற்கு ரிச்சர்ட்ஸ் சொன்ன காரணங்களில் ஒன்று, வாசகர் ஏற்கெனவே கைவசம் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சி. கவிதை ஒரு பொத்தானைத் தொட்டதும் அந்த உணர்ச்சி தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதன் பிறகு கவிதை என்ன சொல்கிறது என்று நாம் கேட்பதில்லை. தலைகுனிவு அப்படித் தயாராக இருந்த உணர்ச்சிதான். தலித் அப்பா என்றால் குனிந்துதான் இருப்பார் என்று யார் நமக்குச் சொல்லிவைத்தது? சாதி சொல்லிவைத்தது. முற்போக்கானவர்கள் என்பதால் நாம் அதிலிருந்து தப்பிவிடவில்லை. நம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுப்பதற்காகவாவது மெதுவாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

அதே வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் பலகையை அழிக்கப் போனபோது, கடைசி வரிசையில் அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். "அக்கா, எங்க வீட்ல அப்பாவ அப்படித்தான் சொல்லுவோம். அப்பா வந்தான், அப்பா சாப்ட்டான்னுதான். மரியாதை இல்லாம இல்லக்கா. அவன் எங்க ஆளு, அதான்" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரிகளை எழுதியது நான். ஆன் விகுதியில் திண்ணையில் இருப்பவருடைய குரலை மட்டும்தான் நான் வைத்தேன். பிள்ளை தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போதுகூட ஆண்டையின் இலக்கணம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் என் எண்ணம். அந்தப் பெண் காட்டிய பிறகு அந்த விகுதியில் வீட்டின் குரலும் கேட்கிறது. திண்ணையிலிருந்து பார்த்தால் போனான் என்பது இழிவு. அடுப்படியிலிருந்து பார்த்தால் நெருக்கம். அப்படிப் பார்த்தால் சின்னவருக்குப் போட்ட ஆர்தான் விறைத்துக்கொண்டு தூரத்தில் நிற்கிறது. நான்கு வரியும் தலைகீழாகிவிட்டது. எழுதியவளான எனக்குத் தெரியாத ஒன்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எந்த நோட்ஸிலும் அது இல்லை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவ்வளவு நேரம் அவர் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "எங்க வீட்ல பேசறது தப்பான தமிழ்னு நினைச்சேன்க்கா" என்றார்.

தோழர்களே, நம்பிக்கையோடு வாசிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டுப் பேச்சு, உங்கள் அம்மா வேலை செய்யும் இடத்தின் சொற்கள், ஊரில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்ற நினைவு, எல்லாமே வாசிப்பதற்கான கருவிகள். அவற்றை வாசலில் விட்டுவிட்டுக் கவிதைக்குள் போகாதீர்கள். ஆனால் கருவி கையில் இருப்பதாலேயே சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. "எனக்கு அப்படித் தோணுச்சு, அவ்வளவுதான்" என்பது நம்பிக்கை இல்லை, அது சோம்பேறித்தனம். அந்தப் பெண் சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அவர் போனான் என்ற சொல்லில் விரலை வைத்துக் காட்டினார். தலைகுனிவைச் சொன்னவரால் எந்தச் சொல்லிலும் விரலை வைக்க முடியவில்லை. காட்ட முடிந்தால் முனைவருக்கும் முதலாண்டு மாணவருக்கும் வித்தியாசம் இல்லை. வகுப்பறையில் நான் பார்த்த மிகச் சில சமத்துவங்களில் இது ஒன்று.

நடைமுறைக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். முதலில் வாய்விட்டு வாசியுங்கள், இரண்டு தடவை. எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கவிதையின் கருத்து என்ன என்பதை உடனே சொல்லாதீர்கள். யார் பேசுகிறார், யாரிடம், எங்கே நின்றுகொண்டு, எந்தக் காலத்தில், என்ன விகுதி போட்டு என்று முதலில் பாருங்கள். ஒரு சொல் உறுத்தினால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். கூப்பிட்டார் இருந்த இடத்தில் அழைத்தார் என்று போட்டால் என்ன ஆகிறது? அழைப்பதில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் இருக்கிறது. கூப்பிடுவதில் குரல் மட்டும்தான் இருக்கிறது. வித்தியாசம் தெரிகிறதா?

அடுத்து, புரியாமை மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் வருகிறது.

ஒன்று, சொல் தெரியாமல் இருப்பது. இதற்கு மருந்து எளிது. அகராதியைப் பார்ப்பது, இல்லையென்றால் ஆட்களைக் கேட்பது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கவிஞர் என்.டி. ராஜ்குமாரின் ஒரு தொகுப்புக்குத் 'தெறி' என்று பெயர். நமக்குத் தெறி என்றால் சிதறுவது, தெறித்து விழுவது. மலையாளத்தில் தெறி என்றால் கெட்ட வார்த்தை, வசவு. இரண்டு மொழியும் கலந்து புழங்கும் குமரி மண்ணில் அந்தத் தலைப்பில் இரண்டும் சேர்ந்து கேட்கும். சென்னை அகராதி உங்களுக்குப் பாதியைத்தான் கொடுக்கும். மீதியை நாகர்கோவில் நண்பர் ஒருவரிடம் கேளுங்கள்.

இரண்டு, சொல் தெரியும், அது வந்த வழி தெரியாது. சுகிர்தராணியின் கவிதை ஒன்றின் தலைப்பு 'கைம்மாறு'. மலம் அள்ளவைக்கப்படும் பெண்களைப் பற்றியது. கைம்மாறு என்ற சொல் நமக்கு எங்கிருந்து பழக்கம்? குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் மழையோடு சேர்ந்து வரும். மழை உலகத்திடம் எதையும் திருப்பி எதிர்பார்ப்பதில்லை என்ற கருத்து. கொடுக்கிறவரின் பெருந்தன்மையைப் பேசப் பயன்பட்ட சொல்லை மலம் அள்ளும் கையின் பக்கத்தில் வைத்ததும் கேள்வி மாறுகிறது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்? எதிர்பார்க்காமல் செய்ததா, எதிர்பார்க்க விடாமல் செய்யவைத்ததா? கை என்ற முதல் பாதியே வேறு கனத்தோடு விழுகிறது. கவிதைக்குள் இன்னும் நுழையவே இல்லை, தலைப்பில்தான் நிற்கிறோம். இதையா நேரடியாக இருக்கும், ஈசியாக இருக்கும் என்றார்கள்?

மூன்று, கவிதையே சொல்லாமல் நிறுத்திக்கொள்வது. அப்பாவின் பெயர் மாதிரி. இதற்கு அகராதியும் உதவாது, ஆளும் உதவ மாட்டார். அந்த வெற்றிடத்தோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டியதுதான். அங்கே நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல ஒடுக்கப்பட்டவர்களின் கவிதை கடமைப்பட்டிருக்கவில்லை.

இப்போது நம்மைப் பற்றி ஒன்று. 2021 ஆகஸ்ட்டில் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது நினைவிருக்கும். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் நீக்கினார்கள். 'கைம்மாறு', 'என் உடல்' ஆகியவை அப்போது நீக்கப்பட்ட கவிதைகள். நாம் கொதித்தோம், கொதிக்க வேண்டியதுதான். நானும் பதிவுகள் எழுதினேன், கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தோழி கேட்டாள், "அந்த ரெண்டு கவிதையிலயும் உனக்கு எந்த வரி பிடிக்கும்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றுவரை நான் அவற்றை முழுசாக வாசித்திருக்கவில்லை. அவர்கள் வாசிக்காமல் நீக்கினார்கள் என்று கோபப்பட்ட நான், வாசிக்காமலே ஆதரித்திருந்தேன்.

கவிஞருக்கு நாம் கொடுக்கும் ஆதரவு வேறு, கவிதைக்குக் கொடுக்கும் நேரம் வேறு. இரண்டாவதைக் கொடுக்காமல் முதலாவதை மட்டும் கொடுத்தால், என் ஆசிரியர் செய்ததையே நாமும் வேறு கொடியைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம். நேரம் கொடுத்து வாசித்தால் சில சமயம் நம் அரசியல் பேசும் கவிதை பலவீனமாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டிவரும். சொல்லுங்கள். இந்த வரி ஏற்கெனவே ஆயிரம் தடவை சொல்லப்பட்டது, இந்தச் சொல் இங்கே சும்மா நிற்கிறது என்று காட்டிச் சொல்லுங்கள். எங்கள் கவிதைக்குக் கைதட்டு மட்டும் போதும் என்று எந்த நல்ல கவிஞரும் கேட்க மாட்டார்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேள்வி கேட்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகையில், 1914இல் இறக்கும்வரை அதைத்தானே செய்தார்? குறளையும் பிற பழைய நூல்களையும் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, அதிகாரம் உள்ளவர்கள் கொடுத்த பொருளுக்கு மாற்றுப் பொருள் காட்டினார். எல்லிஸ் துரைக்குக் குறள் ஏடு கிடைத்தது தன் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் என்றும் எழுதிவைத்தார். அவர் சொன்ன சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. அதை விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் பொருளின் சாவி ஒரு வீட்டில் மட்டும் இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

முடிக்கும் முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கே இருக்கு, காட்டு" என்ற கேள்வி அவருடையது.

நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார். ஒரு தடவை பன்னிரண்டு நாள் வேலைக்கு ஒன்பது நாள் கூலிதான் வந்தது. பொறுப்பாளரிடம் போய்க் கேட்டால், "பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு" என்றார். அம்மாவுக்குத் தன் பெயரை அடையாளம் தெரியும், அதற்கு மேல் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விடவில்லை. "எம் பேருக்கு நேரா எங்க இருக்கு, காட்டு" என்றார். அவர் காட்டினார். அம்மா என்னை வாசிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "முத நாள் ஏரிக்கரை, ரெண்டாம் நாள் ஏரிக்கரை, மூணாம் நாள் வாய்க்கா, அன்னைக்கு மழ வந்துச்சு" என்று தன் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். காகிதத்தில் இருப்பதும் அவருக்குத் தெரிந்ததும் நேருக்கு நேர் வந்தன. மூன்று கட்டத்தில் பொருந்தவில்லை. பதினைந்து நாள் கழித்து இரண்டு நாள் கூலி வந்தது. ஒரு நாள் கூலி கடைசிவரைக்கும் வரவில்லை.

ரிச்சர்ட்ஸை வாசிப்பதற்குப் பல வருடம் முன்னால் நுணுகி வாசிப்பதை எனக்கு அம்மா அங்கேதான் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. முதுகலை வகுப்பில் அந்த ஆசிரியர் முன்னால் நின்றபோதும் தெரியவில்லை. தெரிந்திருந்தால், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்திருக்க மாட்டேன். "அந்தக் கவிதைகள் ஈசின்னு சொன்னீங்களே சார், எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேட்டிருப்பேன்.

தேநீர்க் கடையில் என்னிடம் பேசிய தங்கை இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் பதில் இதுதான். நீங்கள் வாசித்தது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள். வரியில் விரலை வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவர் வேறொன்றைக் காட்டினால் பாருங்கள். அதற்குத்தான் இந்த வாசிப்பு வட்டம்.